திருகை முடுக்கினால் வெப்பநிலை குறையுமா? சிலிக்கான் சென்சார்களில் திரிபு தரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் களையும் வழி

வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். மேசையில் வெறும் மின்சுற்றுப் பலகையாகக் கிடந்தபோது, அருகில் வைத்திருந்த நல்ல வெப்பமானியோடு 0.1 டிகிரிக்குள் ஒத்துப்போனது. பெட்டிக்குள் வைத்து நான்கு திருகுகளையும் முடுக்கியதும் 0.4 டிகிரி குறைத்துக் காட்டியது. மூடிய பெட்டியில் சூடு தேங்கும், அளவு கூடத்தான் வேண்டும்; இதுவோ குறைந்தது. மூன்று நாள் நிரலைக் குடைந்தேன். மின்வழங்கியைச் சந்தேகித்தேன், கம்பிகளை மாற்றினேன். நான்காம் நாள் பலகையை வெளியே எடுக்கலாம் என்று முதல் திருகைத் தளர்த்தியபோது, திரையில் எண் என் கண்ணெதிரே ஏறியது. மறுபடி முடுக்கினேன், இறங்கியது. கோளாறு நிரலில் இல்லை. சென்சார் சில்லு வளைந்துகொண்டிருந்தது.

இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட கோளாறுகளுக்கானது. வெப்பநிலைச் சென்சார், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார், காற்றழுத்தச் சென்சார், பிஎச் அளக்கும் ஐஸ்ஃபெட் என்று உள்ளே சிலிக்கான் சில்லு இருக்கும் எதற்கும் பொருந்தும். அவசரத்தில் இருப்பவர்கள் தங்கள் அறிகுறிக்கு நேராகத் தாவலாம். ஆனால் அடுத்த சில பத்திகளைப் படித்துவிட்டுப் போனால் வேலை பாதியாகும்.

ஏன் இப்படி நடக்கிறது

சிலிக்கானை இழுத்தாலோ அமுக்கினாலோ அதன் அணுக்களுக்கிடையிலான தூரம் மிகச் சிறிதளவு மாறுகிறது; இந்த நீட்சியை, சுருக்கத்தைத்தான் திரிபு என்கிறோம். அதனால் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்; இவையும் மின்னோட்டத்தைச் சுமக்கும்) எவ்வளவு எளிதாக நகர முடியும் என்பதும் மாறுகிறது. 1954இல் சார்லஸ் ஸ்மித் என்ற இயற்பியலாளர் ஜெர்மானியத்திலும் சிலிக்கானிலும் இதை அளந்து வெளியிட்டார். உலோகக் கம்பியில் 1 பங்கு திரிபுக்கு மின்தடை ஏறத்தாழ 2 பங்குதான் மாறும்; சிலிக்கானில் அது நூறு பங்கைத் தாண்டக்கூடும். இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தியதுதான் இன்றைய சிலிக்கான் அழுத்தச் சென்சார். 2003இல் இன்டெல் தனது 90 நானோமீட்டர் சில்லுகளில் டிரான்சிஸ்டர்களுக்கு உள்ளேயே திரிபை ஏற்றி வேகத்தைக் கூட்டியதும் இதே குணத்தை வைத்துத்தான். அங்கே வரம், நமக்குத் தொல்லை.

கோளாறு தேடுபவருக்கு வேண்டிய எண்கள் சிலவே. வழக்கமான 100 தளச் சில்லில், 110 திசையில் மின்னோட்டம் செல்வதாக வைத்துக்கொள்வோம் (இந்த எண்கள் சிலிக்கான் படிகத்தின் தளத்தையும் திசையையும் குறிக்கும் பெயர்கள்). 100 மெகாபாஸ்கல் தகைவு (ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை) மின்னோட்டத்தின் வழியே இழுத்தால், துளைகள் மின்னோட்டத்தைச் சுமக்கும் பி (p) வகைச் சிலிக்கானின் மின்தடை சுமார் 7 விழுக்காடு கூடும். குறுக்கே இழுத்தால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். எலக்ட்ரான்கள் சுமக்கும் என் (n) வகையில் வழியே இழுத்தாலும் குறுக்கே இழுத்தாலும் குறையவே செய்யும்: முறையே சுமார் 3, சுமார் 2 விழுக்காடு.

இதில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறை சில்லை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும்போது பி வகையில் இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அரை விழுக்காடுதான் மிஞ்சும். என் (n) வகையில் இரண்டும் சேர்ந்து 5 விழுக்காடு ஆகும். பலகை ஒரே திசையில் வளையும்போது நிலைமை தலைகீழ்: பி வகைதான் அதிகம் ஆடும். எனவே சில்லுக்குள் எந்த வகை டிரான்சிஸ்டர் அளக்கிறது என்று தெரிந்தால், குற்றவாளி உறையா பலகையா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

100 மெகாபாஸ்கல் என்பது பெரிய எண்ணாகத் தோன்றினால், வெப்பவிரிவை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு டிகிரிக்குச் சிலிக்கான் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும்; சில்லை ஒட்டியிருக்கும் தகட்டின் செம்பு 17 பங்கு. 150 டிகிரி குளிர்ந்தால் இரண்டுக்கும் இடையே 0.2 விழுக்காடு இழுபறி. ஒட்டும் பசையும் வளைவும் விட்டுக்கொடுக்காமல் அது முழுவதும் சில்லின் மேல் விழுந்தால் 390 மெகாபாஸ்கல் வரும். விட்டுக்கொடுப்பதால்தான் குறைகிறது. ஆக, கடையில் வாங்கி வந்த புதிய சென்சாருக்குள்ளேயே சில்லு அமுங்கித்தான் கிடக்கிறது. தயாரிப்பாளர் அந்த நிலையில் வைத்துத்தான் அளவு திருத்தியிருப்பார். அதன்பின் நாம் செய்வது ஒவ்வொன்றும் அந்த அமுக்கத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

தேவையான கருவிகள்: பின்முனையில் ரப்பர் வைத்த பென்சில், ஹேர் டிரையர், முடுக்குவிசையைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தும் ஸ்க்ரூடிரைவர், சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் பை, நல்ல பூதக்கண்ணாடி. அளவைத் தொடர்ந்து பதிவு செய்ய ஏதாவது ஒரு வழி கட்டாயம் வேண்டும். திரையில் ஓடும் எண்ணைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

அறிகுறி: பலகையைத் தொட்டால், அழுத்தினால் அளவு மாறுகிறது

பென்சிலின் ரப்பர் முனையால் சென்சார் உறையின் மேல் மெதுவாக அழுத்துங்கள். விரலால் வேண்டாம்; விரல் சூட்டையும் ஈரத்தையும் மின்னூட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவரும், பிறகு எது எதனால் என்று பிரிக்க முடியாது. அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பதிவில் வரும் வடிவத்தைப் பாருங்கள்.

அழுத்தும்போது படிக்கட்டாக ஏறி, பிடித்திருக்கும்வரை அப்படியே நின்று, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால் அது திரிபு. இருமடங்கு அழுத்தினால் ஏறக்குறைய இருமடங்கு மாறும். பலகையின் இரு ஓரங்களைப் பிடித்து மேல்நோக்கி வளைத்தால் ஒரு பக்கம் நகரும், கீழ்நோக்கி வளைத்தால் மறுபக்கம் நகரும். இந்தக் குறிமாற்றம்தான் என் கணக்கில் மிக நம்பகமான சாட்சி. வேறு எந்தக் கோளாறும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

அழுத்திய கணத்தில் ஒரு துள்ளல், பிறகு பிடித்திருக்கும்போதே மெல்லப் பழைய நிலைக்கு இறங்குதல் என்றால், அருகிலுள்ள பீங்கான் மின்தேக்கியைப் பாருங்கள். எக்ஸ்7ஆர் போன்ற வகைகளின் பீங்கான் தானே அழுத்தமின் குணம் உடையது. தட்டினால் மின்னழுத்தம் தரும். சென்சாரின் மேல் பழி விழும். வடிகட்டும் இடத்தில் இருக்கும் அந்த மின்தேக்கியைக் கழற்றிவிட்டு ஃபிலிம் வகை ஒன்றை வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். அதிர்வில் மட்டும் இரைச்சல் வருகிறது, அசையாதபோது அளவு சரியாக இருக்கிறது என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

அளவு தாறுமாறாகக் குதித்து, ஒவ்வொரு முறையும் வேறு எண்ணில் போய் நின்றால் சாலிடர் இணைப்பில் விரிசல். பூதக்கண்ணாடியை எடுங்கள். இந்தக் குறிப்பு உங்களுக்குத் தேவையில்லை.

அறிகுறி: பெட்டிக்குள் பொருத்தியதும் அளவு நகர்ந்துவிடுகிறது

என் கதை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு திருகுகள் என்பது நம் கை பழகிப்போன வழக்கம். ஆனால் ஒரு தளத்தைத் தீர்மானிக்க மூன்று புள்ளிகள் போதும். நான்காவது புள்ளி மற்ற மூன்றின் தளத்தில் சரியாக அமையாவிட்டால், திருகு பலகையை இழுத்து அமைய வைக்கும். நாலு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. பலகையோ ஆடவும் முடியாமல் வளைந்து நிற்கிறது.

எவ்வளவு வளைகிறது? 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழக்கமான பலகை, 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முனைகளில் தாங்கப்பட்டு, நடுவில் அரை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். பலகையின் மேற்பரப்பில் திரிபு பத்து லட்சத்தில் 480 பங்கு வரும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சாலிடர், கால்கள், பிளாஸ்டிக் எல்லாம் தாண்டிச் சில்லை எட்டினால்கூட, 110 திசையில் சிலிக்கானின் யங் குணகம் (திரிபைத் தகைவாக மாற்றும் விறைப்பு எண்) 169 கிகாபாஸ்கல் என்பதால், 8 மெகாபாஸ்கல் தகைவு. பி வகையில் அது 0.6 விழுக்காடு மாற்றம். அரை மில்லிமீட்டர் என்பது ஒரு வாஷர் கூடுதலாக விழுந்தால் வரும் உயரம்.

வெப்பநிலைச் சென்சாருக்கு இது எப்படி வலிக்கிறது என்று பார்க்கலாம். டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்ற இரு முனைகளின் சந்தியில் உள்ள மின்னழுத்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதை வைத்து வெப்பநிலை அளக்கிறோம். திரிபால் அந்தச் சந்தியின் மின்னோட்டம் 4 விழுக்காடு மாறினால், மின்னழுத்தம் 26 மில்லிவோல்ட்டில் (அறை வெப்பநிலையில் இத்தகைய சந்திக்குரிய வெப்ப மின்னழுத்தம்) 4 விழுக்காடு, அதாவது 1 மில்லிவோல்ட் நகரும். அரை டிகிரி போயிற்று. என் 0.4 டிகிரி எங்கே போனது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒற்றைச் சந்தியை அளக்காமல் இரு சந்திகளின் வேறுபாட்டை அளக்கும் சென்சார்களில், இரண்டும் ஒரே அளவு அமுங்கும் வரை பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: டிரான்சிஸ்டரின் இரு வகைகளில், செங்குத்து என்பிஎன்னை விடச் செங்குத்து பிஎன்பி திரிபுக்குக் குறைவாகவே அசைகிறது. சில்லை நாமே வடிவமைக்காதவரை இது நம் கையில் இல்லை என்றாலும், ஏன் ஒரே வேலைக்கான இரண்டு சென்சார்கள் வேறுவேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதற்கு விடை கிடைக்கிறது.

செய்ய வேண்டியது: அளவைப் பதிவு செய்துகொண்டே திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எந்தத் திருகு அளவை நகர்த்துகிறதோ அதன் கீழுள்ள தாங்கியின் உயரத்தை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். உயரம் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தத் திருகை எடுத்துவிடுங்கள். என் கருவியில் இன்றும் மூன்று திருகுகள்தான், நான்காவது துளை காலி. அதிர்வு அதிகமுள்ள இடமென்றால் காலியாக விடாமல் மெத்தென்ற ரப்பர் வாஷர் வைக்கலாம்.

புதிதாகப் பலகை வரைபவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சென்சாரைச் சுற்றி மூன்று பக்கமும் பலகையை அறுத்து இடைவெளி விடுங்கள். சென்சார் நாக்குப்போல் நீண்ட துண்டின் நுனியில் உட்காரும், நாலாவது பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். பலகை எப்படி வளைந்தாலும் நாக்கு சும்மா கிடக்கும். மாறாத மின்னழுத்தம் தரும் துல்லிய மேற்கோள் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் அறிவுரை இது. பலகை செய்பவர் இதற்குத் தனிக் காசு கேட்பது அரிது, எப்படியும் ஓரத்தை வெட்டப்போகிறார். அறுக்க இடமில்லையென்றால், இரு திருகுகளை இணைக்கும் கோட்டில் சென்சாரை வைக்காதீர்கள்; கனெக்டரின் அருகிலும் வேண்டாம். கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் பலகை வளையும்.

பல பலகைகள் சேர்ந்த தகட்டைக் கையால் ஒடித்துப் பிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒடிக்கும் கோட்டுக்கு அருகில் சென்சார் இருந்தால், ஒடித்த அந்த நொடியில் ஏறும் திரிபு, பெட்டியில் திருகு தருவதைவிடப் பல மடங்கு. மின்தேக்கிகள் விரிசல் விடுவதும் அங்கேதான்.

அறிகுறி: சாலிடர் செய்தபின் அளவு தவறாகி, சில நாட்களில் தானே ஓரளவு திரும்புகிறது

காற்றழுத்தச் சென்சார் வைத்து உயரம் அளப்பவர்கள் அடிக்கடி புலம்புவது இதைத்தான். கடல்மட்டத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். சாலிடர் செய்ததால் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் நகர்வது இவ்வகைச் சிறு சென்சார்களில் இயல்பு. தரவுத்தாளிலேயே சாலிடர் நகர்வு என்று தனி வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. கருவி உங்கள் வீட்டை அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்குத் தூக்கிவிட்டது என்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள்.

நடப்பது இதுதான்: சாலிடர் உருகிய நிலையிலிருந்து உறையும்போது சென்சாரின் கால்கள் அனைத்தும் பலகையோடு பூட்டிக்கொள்கின்றன. பிறகு அறை வெப்பநிலைக்கு வரும் வரை பலகை ஒரு வேகத்திலும் சில்லு வேறு வேகத்திலும் சுருங்குகின்றன. அந்தப் பூட்டிய இழுவிசை சில்லில் தங்கிவிடுகிறது. சாலிடர் மெதுவாக நெகிழும் உலோகம் என்பதால் நாட்கள் போகப்போக இழுவிசை தளர்கிறது, அளவும் திரும்புகிறது. முழுக்கத் திரும்பாது.

கையால் சாலிடர் செய்தால் இன்னும் மோசம். முதல் கால் உறைந்தபின் இரண்டாவதைத் தொடுகிறோம். ஒவ்வொரு காலும் வேறு வேறு நிலையில் பூட்டப்படுகிறது. முடிந்தால் எல்லாக் கால்களும் ஒன்றாக உருகி ஒன்றாக உறையும்படி வெப்பக்காற்றிலோ அடுப்பிலோ செய்யுங்கள். சாலிடர் அடுக்கு மிக மெல்லியதாக இருக்க வேண்டாம். தடிமனான சாலிடர் மெத்தைபோல் வேலை செய்யும். சென்சாருக்கு அடியில் பசை ஊற்றாதீர்கள். இந்தப் பரிகாரங்களில் மிகவும் பலன் தருவது பொறுமைதான்: சாலிடர் செய்த அன்றே அளவு திருத்தாதீர்கள், சில நாட்கள் விட்டுத் திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஈரம் உறிஞ்சிய சென்சாரை அப்படியே சூடாக்கினால் உள்ளே நீராவி கிளம்பிப் பிளாஸ்டிக் சில்லை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த உறை சில்லை ஒரு பக்கம் பிடித்தும் ஒரு பக்கம் விட்டும் நிற்கும்; அந்தச் சென்சாரின் அளவு இனி எந்த நாளும் நிலைக்காது. ஈரத் தாங்குநிலை 3 என்று குறிக்கப்பட்ட பாகங்களை, அவை அடைத்து வரும் பையைப் பிரித்தபின், 30 டிகிரிக்கும் 60 விழுக்காடு ஈரப்பதத்துக்கும் மிகாத அறையில் 168 மணி நேரத்துக்குள் சாலிடர் செய்துவிட வேண்டும் என்பது விதி. சென்னையில் ஏசி இல்லாத அறையில் அந்த 60 விழுக்காட்டுக்குள் நிற்பது எவ்வளவு அரிது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சந்தேகமிருந்தால் சாலிடர் செய்வதற்கு முன் உலர்த்துங்கள்.

அறிகுறி: மழைக்காலத்தில் மெல்ல நகர்கிறது, கோடையில் திரும்புகிறது

திரிபுக் கோளாறுகளில் மிகவும் ஏமாற்றுவது இது. ஒரு நாளில் தெரியாது, ஒரு வாரத்தில் மங்கலாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மின்னோட்டம் அளக்கும் ஹால் சென்சார் ஒரு விழுக்காடு மாறிவிட்டது என்றால் யாருக்கும் முதலில் மழை நினைவுக்கு வராது. வெப்பநிலை என்று நினைத்து அதற்கான திருத்தத்தை நிரலில் போடுவார்கள். கோடை வந்ததும் அந்தத் திருத்தமே பிழையாக நிற்கும்.

உறையின் எபாக்ஸி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊறுகிறது. ஊறியதும் பெருக்கிறது. இதுவரை சில்லை அமுக்கிக்கொண்டிருந்த பிடி சற்றுத் தளர்கிறது. ஹால் தகட்டில், அதாவது சில்லில் காந்தப்புலத்தை உணரும் பகுதியில், தகைவு இரண்டு விதமாகப் புகுந்து விளையாடும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, காந்தப்புலமே இல்லாதபோது காட்டும் எண், அதாவது பூஜ்யப் பிழை. ஹால் தகட்டை நான்கு மின்தடைகள் சேர்ந்த பாலமாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு திசைகளின் தகைவு வேறுபட்டால் பாலம் சமநிலை இழக்கும். மின்னோட்டத்தின் திசையை 90 டிகிரி திருப்பித் திருப்பிச் சராசரி எடுக்கும் நுட்பம் இதைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. இன்றைய நல்ல ஹால் சில்லுகள் எல்லாவற்றிலும் அது உண்டு.

இரண்டாவது, உணர்திறன். ஒரே காந்தப்புலத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தமே தகைவால் மாறுகிறது. இரு திசைத் தகைவுகளின் கூட்டுத்தொகை 1 கிகாபாஸ்கல் மாறினால் ஏறத்தாழ 45 விழுக்காடு. ஆகவே 20 மெகாபாஸ்கலுக்கு 0.9 விழுக்காடு. மின்னோட்டத்தை எத்தனை முறை திருப்பினாலும் இது அழியாது. மழைக்கால ஒரு விழுக்காடு இங்கிருந்துதான் வருகிறது.

எனவே முதல் சோதனை: மின்னோட்டமே இல்லாமல் பூஜ்யத்தைப் பாருங்கள். பூஜ்யம் அசையாமல், பெரிய மின்னோட்டத்தில் மட்டும் விழுக்காட்டளவில் பிழை என்றால் உணர்திறன் நகர்ந்திருக்கிறது. அடுத்து, கருவியைச் சிலிக்கா ஜெல்லோடு பைக்குள் போட்டு, பாகங்கள் தாங்கும் அளவுக்கு, 60 முதல் 80 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஆறவைத்து அளங்கள். கோடைக்கால அளவு திரும்பி வந்திருந்தால் வழக்கு முடிந்தது. வராவிட்டால் ஈரம் குற்றவாளி இல்லை.

தீர்வு அவ்வளவு எளிதல்ல. பலகைக்கு மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மூன்று நாளில் நடப்பது மூன்று வாரத்தில் நடக்கும், அவ்வளவே. பீங்கான் அல்லது உலோக உறையிலுள்ள சென்சார் ஈரம் புகாதது, விலை கடிக்கும். சில்லுக்குள்ளேயே தகைவை அளந்து தானே திருத்திக்கொள்ளும் ஹால் சென்சார்களும் விற்கின்றன. துல்லியம் 1 விழுக்காட்டுக்குள் வேண்டுமென்றால் எபாக்ஸி உறைச் சாதாரண ஹால் சென்சாரோடு போராடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 3 விழுக்காடு போதுமென்றால் கவலையை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சூடாக்கி ஆறவைத்தால் பழைய எண்ணுக்குத் திரும்பவில்லை

25 டிகிரியில் அளவெடுங்கள், 80 வரை சூடாக்குங்கள், மறுபடி 25க்கு வாருங்கள். எண் வேறு. பிளாஸ்டிக்கும் சில்லை ஒட்டிய பசையும் சூட்டில் நெகிழ்ந்து, ஆறும்போது முன்பு போலவே திரும்பி அமர்வதில்லை. அடுத்தடுத்த சுற்றுகளில் நகர்வு பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே அளவு திருத்துவதற்கு முன், கருவி வேலை செய்யப்போகும் வெப்பநிலை எல்லைக்குள் சில சுற்றுகள் சூடாக்கி ஆறவையுங்கள். வேறு பரிகாரம் தேட வேண்டாம்.

அறிகுறி: மேலே எபாக்ஸி ஊற்றி மூடியதும் எல்லாமே மாறிவிட்டது

கெட்டியான எபாக்ஸி உறையும்போது சுருங்கும், குளிரில் இன்னும் சுருங்கும். சென்சாரை அதற்குள் புதைப்பது அதைக் கைமுட்டிக்குள் வைத்து நெருக்குவதற்குச் சமம். சென்சாரின் மேல் முதலில் மென்மையான சிலிக்கோன் ஜெல் ஒரு சொட்டு, அதற்கு மேல் எபாக்ஸி. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? அந்தப் பலகையை மறந்துவிடுங்கள்.

அறிகுறி: வளையும் பட்டையில் ஒட்டிய ஐஸ்ஃபெட், வளைத்தால் பிஎச் மாற்றிச் சொல்கிறது

1970இல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் கொண்டுவந்த ஐஸ்ஃபெட், கேட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) உலோகத்துக்குப் பதிலாகக் கரைசலையே வைத்த மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர். உடலில் அணியும் கருவிகளுக்காகச் சில்லைச் சில பத்து மைக்ரோமீட்டருக்குத் தேய்த்து மெலிதாக்கிப் பட்டையில் ஒட்டுகிறார்கள். அந்தத் தடிமனில் சிலிக்கான் காகிதம்போல வளையும். 50 மைக்ரோமீட்டர் சில்லை 25 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் மேற்பரப்பில் திரிபு, தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்ததுதான்: 0.1 விழுக்காடு. தகைவு சுமார் 170 மெகாபாஸ்கல். பி வகை டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் 12 விழுக்காடு வரை மாறும். மணிக்கட்டின் வளைவே ஏறத்தாழ அந்த ஆரம்தான்.

முதலில் இது உண்மையில் திரிபுதானா என்று உறுதி செய்யுங்கள். கரைசலில் ஒப்பீட்டுக்கான மேற்கோள் மின்முனை அசைந்தாலும், சில்லை மூடிய பசை விரிசல் விட்டு ஓரத்தில் கசிந்தாலும் பிஎச் ஓடும். இன்னொரு குற்றவாளி வெளிச்சம். மெல்லிய சிலிக்கான் ஒளியை உணரும். பட்டையை வளைக்கும்போது சில்லு விளக்கை நோக்கித் திரும்பிவிடுகிறது. கறுப்புத் துணி போர்த்தி மறுபடி வளைத்துப் பாருங்கள். ஒரு நாள் வேலையை இந்தத் துணி மிச்சப்படுத்தும்.

திரிபுதான் என்றால், டிரான்சிஸ்டரை எந்த நிலையில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மின்னோட்டத்தை மாறாமல் வைத்து கேட் மின்னழுத்தத்தைப் படிக்கும் சுற்று என்று கொள்வோம். திரிபால் நகர்திறன் (எலக்ட்ரான்களும் துளைகளும் நகரும் எளிமை) 5 விழுக்காடு மாறுகிறது. டிரான்சிஸ்டர் தெவிட்டு நிலையில் (மின்னோட்டத்தைப் பெரும்பாலும் கேட்டே தீர்மானிக்கும் நிலை), அது திறக்கத் தொடங்கும் வாசல் மின்னழுத்தத்துக்கு மேல் 0.4 வோல்ட்டில் ஓடினால், அதன் பாதியில் 5 விழுக்காடு, அதாவது 10 மில்லிவோல்ட் பிழை. 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகு அதிகபட்சம் 59 மில்லிவோல்ட்; ஆகப் பிழை 0.17 பிஎச். அதே டிரான்சிஸ்டரை வாசலுக்குக் கீழே, சிறு மின்னோட்டத்தில் ஓட்டினால் அதே 5 விழுக்காடு 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, 0.03 பிஎச். ஒரு மின்தடையை மாற்றுவதில் ஐந்து மடங்குக்கு மேல் லாபம். இரைச்சல் கூடும், வேகம் குறையும். பிஎச் அளப்பதற்கு வேகம் யாருக்கு வேண்டும்?

அதுவும் போதாதவர்கள் இரண்டாவது டிரான்சிஸ்டர் ஒன்றைப் பக்கத்திலேயே, அதே திசையில், அயனிகளை உணராதபடி மூடி வைத்து வேறுபாட்டை எடுக்கலாம். அதே திசையில் என்பதைக் கவனியுங்கள். 90 டிகிரி திருப்பி வைத்தால் பி வகையில் பிழை கழிவதற்குப் பதில் இருமடங்காகும். சில்லுக்கு மேலே கீழே உள்ள படலங்களின் தடிமனையும் விறைப்பையும் பொருத்தி, இழுபடாமலும் அமுங்காமலும் இருக்கும் நடுத்தளத்தில் சில்லை அமைப்பதும் ஒரு வழி. ஆனால் பிஎச் உணர மேற்பரப்பு கரைசலைத் தொட வேண்டும் என்பதால் ஐஸ்ஃபெட்டில் அதற்கு இடம் குறைவு.

அறிகுறி: ஒரு நாள் அளவு தாவியது, அதன்பின் எதற்கும் திரும்பவில்லை

திருகைத் தளர்த்தியாயிற்று, உலர்த்தியாயிற்று, சூடாக்கி ஆறவைத்தாயிற்று, எண் அசையவில்லை. கருவி கீழே விழுந்ததா, யாராவது பலகையை நெம்பி எடுத்தார்களா என்று விசாரியுங்கள். சிலிக்கான் வளையும், ஆனால் கண்ணாடிபோல் உடையும். இடையில் ஒன்றும் இல்லை. விரிசல் விட்ட சில்லில் கசிவு மின்னோட்டம் கூடும், அது சூட்டில் வேகமாக ஏறும். ஹேர் டிரையரால் மெல்ல வெதுவெதுப்பாக்கும்போது கருவி எடுக்கும் மொத்த மின்னோட்டம், நல்ல கருவியோடு ஒப்பிடுகையில் விறுவிறுவென ஏறினால், சென்சாரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள். புதியதைப் பொருத்துமுன் பலகை எங்கே வளைந்தது என்று பார்த்துவிடுங்கள். அதே இடத்தில் அதே நெம்பல் இன்னும் காத்திருக்கும்.